ஜாடியில் பாதி, கையில் பாதி

அக்டோபர் 30

அன்புள்ள அண்ணிக்கு,

சின்னவள் எழுதுகிறேன். போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறி இறங்குவது கஷ்டமாக இருக்கும். உங்கள் தம்பி சௌக்கியம். எனக்கும் குறை ஒன்றும் இல்லை.

இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. மலையில் சுரங்கப்பாதை குடைய வந்தவர்களில் ஏழெட்டுப் பேர் நம் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். மேஸ்திரி கூடத்தை ஒட்டிய அறையில், சர்வேயர் உங்கள் அறையில். மில்லை மூடியதிலிருந்து உங்கள் தம்பி சும்மா இருப்பது உங்களுக்கே தெரியும். இவர்களுக்கு இரண்டு வேளை சாப்பாடு போட்டுத்தான் இந்தக் குளிர்காலத்தைத் தள்ள வேண்டும். சாப்பாடு வாய்க்குப் பிடிக்கவில்லை என்றால் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிற விடுதிக்குப் போய்விடுவார்கள். அப்புறம் எங்கள் பாடு திண்டாட்டம்தான்.

நிலவறை நிறைய நீங்கள் போட்டுவைத்த ஜாடிகள் இருக்கின்றன. ஆசையாகத் திறந்தேன். பெரிய ஜாடியில் இருக்கிற உப்பு முட்டைக்கோஸை என்ன செய்வது என்று தெரியவில்லை. நீங்கள் சமைக்கும்போது நான் அந்தப் பக்கம் வந்ததில்லை. வந்தால் முறைப்பீர்கள். நடந்ததை மனசில் வைத்துக்கொள்ளாமல் ஒரு வரி எழுதுங்கள்.

வணக்கத்துடன்,
சின்னவள்


நவம்பர் 8

சின்னவளுக்கு,

முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. டயர் கடைக்கு மேலே ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் ஈர வாடை. பஸ் டிப்போ கேண்டீனில் வேலை. டப்பாவிலிருந்து பொடியைக் கொட்டி, வெந்நீர் ஊற்றிக் கலக்குகிறேன். அதற்குப் பெயர் காய்கறி சூப்பாம். இத்தனை வருஷம் தோட்டம் போட்ட கைக்கு நல்ல உத்தியோகம்.

மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். வைத்துக்கொண்டிருக்கிறேன், பத்திரமாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன். கோடை முழுக்கக் களை பிடுங்கி, தண்ணீர் சுமந்து, பறித்து, நறுக்கி, உப்புப் போட்டு, வெயிலில் காயவைத்து எடுத்தேன். கடைசி ஜாடியின் மூடியை நான் இறுக்கிய மறுநாள் காலையில் என் பெட்டி வாசலில் இருந்தது. ஒரு வாரம் முன்னால் வைத்திருந்தால் பிளம் பழத்தைப் பாகில் போடுகிற வேலை பாதியில் நின்றுபோயிருக்கும், அதனால் பொறுத்திருந்தாய். "ரூம் வேணும் அண்ணி, வேற வழியில்ல" என்றாய். கூடப்பிறந்த தம்பி, உன் புருஷன், என் பெட்டியைக் கட்டிய கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரே ஒரு ஜாடி எடுத்துப்போகிறேன் என்று கேட்டதற்கு நீ சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது: "இந்த வீட்டு மண்ணுல விளைஞ்சது, இங்கயே இருக்கட்டுமே."

இருக்கட்டும். ஆனால் ஒன்று தெரிந்துகொள். ருசி ஜாடியில் பாதிதான். மீதிப் பாதி என் கையில் இருக்கிறது, அதைப் பிடுங்கிக்கொள்ள உனக்குத் தெரியவில்லை. பனி உருகி விதைக்கிற நேரம் வருவதற்குள் நீயே வண்டி அனுப்பி என்னை அழைப்பாய். என் தோட்டத்தில் நான் நிற்பேன்.

கேட்டதற்குச் சொல்கிறேன். முட்டைக்கோஸை ஜாடியிலிருந்து அள்ளி அப்படியே சட்டியில் போடு. கழுவாதே, கழுவினால் சத்தெல்லாம் போய்விடும். ஊறின தண்ணீரையும் விடாமல் ஊற்றிக் கொதிக்கவை. மேலே ஒரு கை உப்பு.

தம்பியைக் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

பெரியவள்


நவம்பர் 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. குளிருக்குக் கம்பளி இருக்கிறதா? இல்லையென்றால் அனுப்புகிறேன்.

நீங்கள் எழுதியபடியே செய்தேன். முதல் வாயிலேயே மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்குப் பூராவும் எல்லோரும் சமையலறைக் குழாய்க்கும் கழிப்பறைக்குமாக நடந்தார்கள். "அம்மா, நாங்க சுரங்கம் தோண்டத்தான் வந்தோம், கடலைக் குடிக்க வரல" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

நான்தான் எங்கேயோ தப்புச் செய்திருப்பேன். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை சுரங்க வேலையின் பெரிய அதிகாரி சாப்பிட வருகிறார். அவருக்குப் பிடித்துப்போனால் மொத்த ஆட்களையும் இங்கேயே தங்கவைத்துவிடுவார். உலர்ந்த பீன்ஸ் மூட்டை இருக்கிறது, தக்காளிச் சாறு இருக்கிறது. நீங்கள் வைப்பீர்களே, கெட்டியாக, சிவப்பாக. அதை எப்படிச் செய்வது என்று கொஞ்சம் எழுதுங்கள்.

சின்னவள்


நவம்பர் 27

சின்னவளுக்கு,

கம்பளி இருக்கிறது. உன் கம்பளியைப் போர்த்திக்கொண்டால் எனக்கு அரிக்கும்.

உப்பாகப் போய்விட்டதா? அடடா. நான் வைத்து ஒருநாளும் அப்படி ஆனதில்லையே. சிலருக்குக் கைமணம் வாய்க்காது, அதற்கு யார் என்ன செய்ய முடியும்? மேஸ்திரி சொன்னதைக் கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவளிடம் சொன்னேன். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். இங்கே வந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன், அதற்கு உனக்கு நன்றி.

பீன்ஸ் சுலபம். ஊறவைக்க வேண்டாம், ஊறினால் கொழகொழவென்று ஆகிவிடும். உலர்ந்ததை அப்படியே சட்டியில் கொட்டு. தக்காளிச் சாற்றையும் உப்பையும் ஆரம்பத்திலேயே ஊற்றிவிடு. அப்போதுதான் உள்ளே இறங்கும். பெரிய அதிகாரிக்கு நிறையப் பரிமாறு. அவர் தட்டு காலியாகும் வரைக்கும் பக்கத்திலேயே நின்று உபசாரம் செய்.

பெரியவள்


டிசம்பர் 11

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

பீன்ஸ் காலையிலிருந்து மதியம் வரை கொதித்தது. சாறுதான் வற்றியது, பீன்ஸ் கூழாங்கல்லாகவே இருந்தது. பெரிய அதிகாரி இரண்டு வாய் மென்றுவிட்டு, தாடையைத் தடவிக்கொண்டே எழுந்து போய்விட்டார். சர்வேயர் பாவம், மரியாதைக்கு மென்றவர். அவருடைய பல்செட் இரண்டாக உடைந்துவிட்டது. பனி கொட்டிச் சாலையை மூடியிருப்பதால் பல் டாக்டரிடம் போகவும் வழியில்லை. கஞ்சி வைத்துக் கொடுக்கிறேன்.

அன்று சாப்பிடும்போது உங்கள் தம்பி என்னவோ சொன்னார். அது இப்போது எதற்கு, விடுங்கள்.

எனக்கு உங்களை விட்டால் கேட்க ஆள் இல்லை அண்ணி. உலர்த்திய தக்காளி, வைக்கோலில் வைத்த பூசணி, மணலில் புதைத்த கேரட், எல்லாவற்றையும் பற்றி விவரமாக எழுதுங்கள். எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று ஒன்றுவிடாமல் எழுதினால் நல்லது. உங்கள் கடிதத்தை அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டிவைத்துக்கொண்டு சமைக்கிறேன்.

சின்னவள்


டிசம்பர் 20

சின்னவளுக்கு,

பல்செட் விஷயம் படித்தேன். என் கட்டிலில் படுக்கிறவருக்கு அந்த மட்டிலாவது நடக்கட்டும். அவர் பேரில் எனக்குப் பகை இல்லை. கட்டில் பேரில்தான் பாசம்.

நீ பணிவாகக் கேட்பதைப் பார்த்தால் மனசு குளிர்கிறது. கல்யாணமாகி வந்த நாள் முதல் நீ என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

உலர்ந்த தக்காளியை வெந்நீரில் ஊறவைத்துவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு. அது அழுக்கு. சூப்புக்குப் பச்சைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். பூசணியைத் தோல் சீவி, சின்னச் சின்னதாக நறுக்கி, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் வைத்து வேகவிடு. தோலோடு தணலில் வைத்துச் சுடுகிறவர்கள் உண்டு, அது சோம்பேறிகள் வேலை. கேரட்டை மணலிலிருந்து மொத்தமாகத் தோண்டி எடுத்துக் கழுவி, அடுப்புக்குப் பக்கத்தில் கூடையில் அடுக்கிவை, கைக்கு எட்டும். வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கிக்கொண்டிருக்காதே, பச்சையாகவே போடு.

இதையெல்லாம் நான் யாருக்கும் சொன்னதில்லை. உனக்குச் சொல்வேன் என்று கனவிலும் நினைக்கவில்லை.

பெரியவள்


ஜனவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள், சமையலறையை விட்டு நகர முடியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன சொல்வது? தக்காளி சூப் வைத்த அன்று சர்வேயர் ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்து நேராகச் சமையலறைக்கே வந்துவிட்டார். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். பூசணி வைத்த அன்று மேஸ்திரி காலித் தட்டை என் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். போன வாரம் இரண்டு பேர் பெட்டி படுக்கையோடு வாசற்படியில் நின்றார்கள். உங்கள் தம்பி அவர்களிடம் போய்ப் பேசிப் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்னும் வினிகரில் போட்ட பீட்ரூட்டும் சர்க்கரைப் பாகில் போட்ட பிளம் பழமும் பாக்கி இருக்கின்றன. அவற்றையும் எழுதிவிடுங்கள். இதுதான் கடைசி, இனி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

சின்னவள்


பிப்ரவரி 2

சின்னவளுக்கு,

பெட்டி படுக்கையோடு வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உனக்கும் கொஞ்சம் தெரிந்திருக்கும் இப்போது.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. கேண்டீனில் பொடி கலக்கும்போதும் முன்பையில் வைத்திருந்தேன். ஒளித்துப் பேச நமக்குள் என்ன இருக்கிறது? நீ அழுதாய் என்று படித்ததும் எனக்குச் சர்க்கரை சாப்பிட்ட மாதிரி இருந்தது.

பீட்ரூட்டை முதலிலேயே போட்டு நன்றாகக் கொதிக்கவிடு, நிறம் போனாலும் போகட்டும். பிளம் பழத்தைப் பாகோடு அப்படியே மாவுக்குள் ஊற்றிச் சுடு, வடிகட்டாதே, பாகைத் தனியாகச் சுண்டவைக்காதே.

நான் இங்கே மார்ச் மாதத்தோடு வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். டயர் கடைக்காரரிடமும் அறையை வேறு யாருக்காவது விட்டுக்கொள்ளச் சொல்லியாயிற்று. வண்டி என்றைக்கு வரும் என்று மட்டும் எழுது. வீட்டுக்குள் நுழைந்ததும் சமையலறைச் சாவியையும் தோட்டத்துச் சாவியையும் உன் கையாலேயே என்னிடம் கொடுக்க வேண்டும். தம்பி பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பார்த்துக்கொண்டு நிற்பது அவனுக்குப் பழக்கம்தானே.

பெரியவள்


பிப்ரவரி 25

அன்புள்ள அண்ணிக்கு,

முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, உட்கார்ந்து படியுங்கள்.

பீன்ஸ் வைத்த அன்று உங்கள் தம்பி சொன்னது இதுதான்: "அக்கா தக்காளிய எப்பவும் கடைசிலதான ஊத்தும்? முதல் நாளே ஊறவும் போடுமே." சொல்லிவிட்டுக் கல்லைக் கடிப்பது போல அந்தப் பீன்ஸைக் கடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறி தட்டியது. மறுநாளே முட்டைக்கோஸை இரண்டு தண்ணீரில் கழுவி, பிழிந்து, உப்பே போடாமல் வைத்தேன். சட்டியை வழித்துத் தின்றார்கள்.

அதற்கப்புறம்தான் எல்லாவற்றையும் விவரமாக எழுதச் சொல்லிக் கேட்டேன். நீங்களும் மனசு குளிர்ந்து எழுதினீர்கள். நீங்கள் கொட்டச் சொன்ன தண்ணீரைச் சூப்பில் ஊற்றினேன். சோம்பேறிகள் வேலை என்றீர்களே, அப்படியே பூசணியைத் தோலோடு சுட்டேன். கேரட்டை மணலிலேயே விட்டுவைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்தேன். வெங்காயம் பொன்னிறமாக வதங்கியது. பீட்ரூட்டை இறக்கும்போது போட்டேன், ரத்தச் சிவப்பு. பாகை வடித்துச் சுண்டவைத்துச் செய்த பிளம் பணியாரத்துக்கு அடிதடி. உண்மையாகவே சொல்லித் தர வேண்டும் என்று நீங்கள் நினைத்திருந்தால்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தந்திருக்க மாட்டீர்கள்.

நான் ஒரு பொய்கூட எழுதவில்லை அண்ணி. சர்வேயர் சமையலறைக்கு வந்தது யார் சமைத்தது என்று பார்க்க. மேஸ்திரி தட்டை நீட்டியது இன்னும் கொஞ்சம் கேட்டு. பெட்டி படுக்கையோடு நின்ற இரண்டு பேர் விடுதியை விட்டுவிட்டு நம் வீட்டில் இடம் கேட்டு வந்தவர்கள். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில். பொய் எழுதியதெல்லாம் நீங்கள்தான். எனக்கே காது குத்தப் பார்த்தீர்கள்.

என் சமையலறையில் பத்து வருஷம் நான் விருந்தாளி மாதிரி ஓரமாக நின்றேன். கரண்டியைத் தொட்டால் பிடுங்கினீர்கள். "உனக்கு வராதும்மா, நகரு" என்று எல்லோர் முன்னாலும் சொல்வீர்கள். இப்போது வந்துவிட்டது. அடுத்த குளிர்காலத்துக்கும் இங்கேதான் தங்கப்போவதாக மேஸ்திரி சொல்லிவிட்டார். உங்கள் பாதியும் என் கையில் இருக்கிறது. அதனால் வண்டி வராது. நீங்கள் அங்கேயே சௌக்கியமாக இருங்கள்.

சின்னவள்


மார்ச் 9

சின்னவளுக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். நல்லவேளை. முகத்தில் ஈயாடவில்லை என்று பாத்திரம் கழுவுகிறவள் சொன்னாள். அறையைப் பார்க்க ஒரு குடும்பம் வந்து போய்விட்டது. மாத முடிவில் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன் என்று எனக்கே தெரியாது. இதைப் படித்து நீயும் கொஞ்சம் சர்க்கரை சாப்பிட்டுக்கொள். ஜெயித்தவளுக்கு அது உரிமை.

என் மூக்கை நன்றாக அறுத்துவிட்டாய். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். நிலவறையில் இப்போது எத்தனை ஜாடி பாக்கி இருக்கும்? அடி தெரிந்திருக்குமே. அடுத்த குளிர்காலத்துக்கு மேஸ்திரிக்கு எதைப் போடுவாய்? வெறும் ஜாடியையா? ஒவ்வொரு ஜாடியும் தோட்டத்திலிருந்து வர வேண்டும். கரண்டியை எப்படிப் பிடிப்பது என்று கற்றுக்கொண்டாய். மண்வெட்டியை?

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். விதையெல்லாம் பரணில், தகர டப்பாக்களில் இருக்கிறது. பட்டாணியை அவசரப்பட்டு ஈர மண்ணில் போடாதே. மண்ணைக் கையில் பிடித்தால் உதிர வேண்டும், அப்போது போடு. தக்காளி நாற்றை ஆப்பிள் பூ கொட்டி முடிக்கும் வரை வெளியே வைக்காதே. முட்டைக்கோஸைப் போன வருஷம் இருந்த பாத்தியில் மறுபடி நடாதே. கேரட்டுக்குப் புது எரு போடாதே.

இதுவரை நான் எழுதியதெல்லாம் பொய், அது உனக்குத் தெரியும். இது பொய்யா மெய்யா? நீயே சொல். தலைகீழாகச் செய்வாயோ, நேராகச் செய்வாயோ, உன் பாடு. ஒன்றை மட்டும் யோசித்துக்கொள். சூப் கெட்டால் கொட்டிவிட்டு மறுநாள் வேறு வைக்கலாம். தோட்டம் கெட்டால் ஒரு வருஷம் போய்விடும். அந்த டப்பாக்களில் இருக்கிற விதை அந்த மண்ணுக்கே பழகினது, கடையில் கிடைக்காது. ஒரு தடவைதான் போட முடியும்.

நான் உன்னைக் கெஞ்சப்போவதில்லை. பதில் எழுதினாலும் எழுது, எழுதாவிட்டாலும் போ.

பெரியவள்


ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணிக்கு,

மாத முடிவில் எங்கே போனீர்கள் என்று தெரியாமல், வண்டிக்காரரை விட்டு விசாரித்தேன். பாத்திரம் கழுவுகிறவள் வீட்டில் நீங்கள் இருப்பதாக டிப்போவில் சொன்னார்களாம், அதனால் கேண்டீன் முகவரிக்கே எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. பழக்க தோஷம், தலைகீழாகவே செய்தேன். பனி முழுக்க உருகும் முன்னால் ஈர மண்ணில் பட்டாணியைப் போட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் எல்லாம் அழுகி, விரலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. பட்டாணி டப்பா காலி. அப்புறம் மற்ற டப்பாக்களைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. உண்மையை எழுதி என் கையைக் கட்டிப்போட உங்களுக்குத்தான் தோன்றும். உங்கள் தம்பி தினமும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பாத்தியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

இந்த மாதக் கடைசி வியாழக்கிழமை வண்டி வரும். சர்வேயரை மாடிக்கு மாற்றிவிட்டேன், உங்கள் கட்டிலை வெயிலில் போட்டு எடுத்திருக்கிறேன். தோட்டத்துச் சாவி வண்டிக்காரரிடம் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். சமையலறைச் சாவி என் இடுப்பில் இருக்கிறது. அது இனி அங்கேதான் இருக்கும். விளைவிப்பது உங்கள் பாடு, வேகவைப்பது என் பாடு. கரண்டியைத் தொட்டால் பிடுங்குவேன்.

நீங்கள் வந்து சேர இருட்டிவிடும். மற்றவர்கள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். கடைசி ஜாடி முட்டைக்கோஸை அன்றைக்குத்தான் திறக்கிறேன். உங்கள் பங்கைத் தனியாக எடுத்துவைக்கிறேன். கழுவாமல்.

சின்னவள்